வெட்டாத கத்தி

வாழைக்காயை இரும்பு அரிவாள்மணையில் நறுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? நறுக்கி முடிப்பதற்குள் காயும் கறுத்துவிடும், இரும்பும் கறுத்துவிடும், விரலும் கறுத்துவிடும். வாழைப்பூ என்றால் கேட்கவே வேண்டாம். அதற்காகத்தான் நம் பாட்டிகள் பக்கத்திலேயே மோர் கலந்த தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேலை முடிந்ததும் அரிவாள்மணையைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும். மறந்தால் மறுநாள் காலையில் செந்நிறத்தில் துரு எட்டிப்பார்க்கும்.

இது அரிவாள்மணையின் குற்றம் இல்லை. இரும்பின் பிறவிக் குணம். நூற்றுப்பத்து வருடங்களுக்கு முன்னால் லண்டனில், பெரிய பெரிய பிரபுக்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் இதே கூத்துதான்.

மேஜைக் கத்தி அந்தக் காலத்தில் கார்பன் உருக்கால் ஆனது. நன்றாக வெட்டும். ஆனால், வினிகர் பட்டால் கறை, எலுமிச்சை பட்டால் கறை, ஆப்பிளை நறுக்கினால் கறை. போதாததற்கு, சாப்பாட்டில் இரும்பு வாடை வேறு. மீன் சாப்பிட வெள்ளிக் கத்தி, பழம் நறுக்க வெள்ளிக் கத்தி என்று பணக்காரர்கள் தனித்தனியாக வைத்துக்கொண்டது பகட்டுக்காக மட்டும் இல்லை. உருக்குக் கத்தியோடு எலுமிச்சைச் சாறு சேரவே சேராது என்பதும் ஒரு காரணம்.

வெள்ளி வாங்க வசதி இல்லாதவர்கள்? தேய்க்க வேண்டியதுதான். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும், கத்திகளை ஒரு தோல் ஒட்டிய பலகையில் வைத்து, செங்கல் பொடியோ எமரித் தூளோ தூவி, கறை போகும்வரை தேய்க்க வேண்டும். வசதியான வீடுகளில் இதற்கென்றே ஒரு பையன் இருப்பான். 'கத்திப் பையன்' என்றே அவனுக்குப் பெயர்! பிறகு இந்த வேலைக்கு மெஷினே வந்துவிட்டது. பெரிய மர டிரம். அதன் ஓட்டைகளில் கத்திகளைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் தூரிகைகள் தேய்க்கும். கத்தி பளபளக்கும். கூடவே தினம் தினம் கொஞ்சம் தேய்ந்தும் போகும்.

ஆக, கத்தியின் முகத்தில் விழும் கறை என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு தேசம் முழுக்க, தினமும் மூன்று வேளை, லட்சக்கணக்கான கைகள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கறையைப் போக்கியவருக்குச் சிலை வைத்திருப்பார்கள், மாலை போட்டிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்?

அதுதான் இல்லை. 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று கிண்டல் செய்தார்கள். அதுவும் அவருடைய சொந்த ஊரிலேயே!

★

அந்த ஊர், ஷெஃபீல்ட். இங்கிலாந்தின் நடுவே, மலைச்சரிவுகளும் வேகமாக ஓடும் சிற்றாறுகளும் சூழ்ந்த நகரம். திண்டுக்கல் என்றால் பூட்டு மாதிரி, ஷெஃபீல்ட் என்றால் கத்தி. பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர், தன் 'கேன்டர்பரி கதைக'ளில் ஒரு பாத்திரத்தின் கையில் ஷெஃபீல்ட் கத்தியைக் கொடுத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கத்தி அங்கே ஒரே கையில் உருவாகாது. ஒருவர் காய்ச்சி அடிப்பார். இன்னொருவர் பதம் வைப்பார். மூன்றாமவர் சாணை பிடிப்பார். பிறகு மெருகேற்ற ஒருவர், கைப்பிடி பொருத்த ஒருவர். சாணைக்காரர்களின் கதை கொடுமையானது. கல்லிலிருந்தும் இரும்பிலிருந்தும் பறக்கும் தூசி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், தண்ணீர் விடாமல் உலர்ந்த கல்லில் முள்கரண்டி தீட்டியவர்களில் பலர் நாற்பது வயதைப் பார்க்கவில்லை. மெருகேற்றும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கு. இடுப்பில் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு, முகமெல்லாம் கரி அப்ப, நாள் முழுக்கச் சுழலும் சக்கரத்தின் முன்னால் நிற்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், 1871-ல் பிறந்தவர் ஹாரி பிரியர்லி. அப்பா உருக்காலைத் தொழிலாளி. தாமஸ் ஃபிர்த் என்ற பெரிய கம்பெனியில் கொதிக்கும் உருக்கோடு போராடும் வேலை. வீட்டில் ஒன்பது பிள்ளைகள். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதில் பையன் பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு, அப்பா வேலை பார்த்த அதே ஆலைக்குள் நுழைந்தான்.

கொஞ்ச நாளில் அவனுக்கு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. விஞ்ஞானி வேலை இல்லை, பாட்டில் கழுவும் வேலை!

பாட்டில் கழுவிய பையன் அங்கே நடப்பதையெல்லாம் கவனித்தான். ஜேம்ஸ் டெய்லர் என்ற ஆய்வுக்கூடத் தலைவர் அவன்மேல் அக்கறை வைத்தார். மாலை நேர வகுப்புகள், இரவல் புத்தகங்கள் என்று வளர்ந்து, உருக்கைப் பகுத்துப் பார்ப்பதில் பிரியர்லி கில்லாடியானார். கல்லூரி வாசலை மிதிக்காதவர், பிறகு உருக்குப் பற்றிப் புத்தகங்களே எழுதினார்.

இடையில் சில வருடங்கள், அப்போது ரஷ்யாவோடு இருந்த ரீகா நகரத்தில் கம்பெனியின் ஆலையில் வேலை. உருக்குக்குப் பதம் வைப்பதில் முக்கியமானது சூடு. எவ்வளவு சூடு என்பதை அந்தக் கால ஆட்கள் கண்ணால்தான் பார்ப்பார்கள். 'செர்ரிப் பழச் சிவப்பு வந்தாச்சா... எடு, முக்கு' என்கிற கணக்கு. ஒருத்தர் கண்ணுக்குச் செர்ரிச் சிவப்பு, இன்னொருத்தர் கண்ணுக்கு ஆரஞ்சு. மேகம் மூடிய நாளில் ஒரு நிறம், வெயில் நாளில் வேறு நிறம். இதற்கு பிரியர்லி ஒரு வழி செய்தார். குறிப்பிட்ட சூட்டில் உருகும் உப்புக் கலவைத் துண்டுகளை உலையில் வைப்பது. துண்டு உருகிவிட்டதா, சூடு வந்துவிட்டது என்று அர்த்தம். எளிமையான ஐடியா.

இந்தச் சூட்டு விவகாரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சே அங்கேதான் விழப்போகிறது.

★

1908-ல் ஃபிர்த் கம்பெனியும், ஜான் பிரவுன் என்ற இன்னொரு கம்பெனியும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை ஆரம்பித்தன. தலைவர், பிரியர்லி. 1912-ல் அவரிடம் ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. கத்தி பற்றி இல்லை, துப்பாக்கி பற்றி. சுடச்சுட, சூட்டிலும் வாயுவிலும் துப்பாக்கிக் குழாயின் உட்புறம் அரித்துக்கொண்டே போகிறது. என்ன செய்யலாம்?

குரோமியம் சேர்த்தால் உருக்கு இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும் என்று பிரியர்லி யோசித்தார். குரோமியத்தை ஏற்றி இறக்கி, கார்பனை ஏற்றி இறக்கி, கலவை கலவையாகச் சோதனை. 1913 ஆகஸ்ட் 13 அன்று மின்சார உலையில் ஒரு கலவையை வார்த்தார்கள். நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம், 0.24 பங்கு கார்பன்.

இதன் பிறகு என்ன நடந்தது என்று ஒரு பிரபலமான கதை உண்டு. தோற்றுப்போன துண்டுகளைக் கொல்லைப்புறத்தில் வீசிவிட்டார்களாம். மழையில் எல்லாம் துருப்பிடிக்க, ஒன்றே ஒன்று மட்டும் பளபளத்ததாம். அதைப் பார்த்து பிரியர்லி துள்ளிக் குதித்தாராம்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பிரியர்லி சொன்ன விவரம் இதைவிட சுவாரஸ்யமானது.

உருக்கின் உள் அமைப்பைப் பார்க்க ஒரு முறை உண்டு. அதையும் கண்டுபிடித்தது ஷெஃபீல்ட்காரர்தான். ஹென்றி கிளிஃப்டன் சார்பி என்பவர், 1860-களில். ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடி மாதிரி மெருகேற்ற வேண்டும். பிறகு அதன்மேல் அமிலத்தைத் தடவ வேண்டும். அமிலம் சில இடங்களை அதிகமாகவும் சில இடங்களைக் குறைவாகவும் அரிக்கும். அந்தக் கறைக் கோலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருக்கின் ஜாதகமே தெரிந்துவிடும். அதாவது, ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே கறை உண்டாக்குகிறார்கள்.

பிரியர்லியின் புதுத் துண்டுக்கும் வழக்கமான நைட்ரிக் அமிலத்தைத் தடவினார்கள். கறை விழவில்லை. மறுபடி தடவினார்கள். ம்ஹும். மற்ற உருக்கெல்லாம் சில நொடிகளில் மங்கிப்போகும் அமிலத்தில், இது சிலுசிலுவென்று சிரித்துக்கொண்டு கிடந்தது.

'மாதிரி சரியாகத் தயாராகவில்லை' என்று தூக்கிப் போட்டிருக்கலாம். பலர் அதைத்தான் செய்திருப்பார்கள். பிரியர்லி வேறு மாதிரி யோசித்தார். நைட்ரிக் அமிலமே கறைப்படுத்தாத உருக்கை வினிகர் என்ன செய்யும்? எலுமிச்சைச் சாறு என்ன செய்யும்? தொட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

கத்தி ஊரில் பிறந்தவருக்கு அடுத்து என்ன தோன்றும்? துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டார். கம்பெனிக்கு எழுதினார். இதை வைத்து மேஜைக் கத்தி செய்யலாம்!

★

இங்கே ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். குரோமியத்தின் இந்தக் குணத்தை மோப்பம் பிடித்த முதல் ஆள் பிரியர்லி இல்லை. 1821-லேயே பியர் பெர்த்தியே என்ற பிரெஞ்சுக்காரர், குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தைத் தாங்குகிறது, கத்தி செய்யலாம் என்று எழுதிவிட்டார். ஆனால், அன்றைய முறையில் செய்த கலவை கண்ணாடி மாதிரி உடைந்தது.

1892-ல் ஷெஃபீல்டின் பெரும்புள்ளியான ராபர்ட் ஹாட்ஃபீல்ட் குரோமிய உருக்கைச் சோதித்தார். எதில் தெரியுமா? பாதிக்குப் பாதி கந்தக அமிலத்தில். எந்தச் சமையலறையில் கந்தக அமிலம் இருக்கிறது? அந்த அமிலம் குரோமிய உருக்கையும் விட்டுவைக்கவில்லை. குரோமியம் சேர்த்தால் அரிப்பு அதிகமாகிறது என்று முடிவு கட்டிவிட்டார். பெரிய மனிதர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? வருடக்கணக்கில் அந்தப் பக்கமே யாரும் அதிகம் எட்டிப்பார்க்கவில்லை.

ஜெர்மனியில் மோன்னார்ட்ஸ் என்பவர் 1911-ல் இந்தக் குணத்தைத் தெளிவாக விளக்கினார். 1912-ல் க்ரூப் கம்பெனியின் ஸ்ட்ராஸ், மௌரர் இருவரின் வேலையை வைத்து, நிக்கலும் குரோமியமும் கலந்த துருப்பிடிக்காத உருக்குக்குப் பேடன்ட் கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். அமெரிக்காவில் எல்வுட் ஹேன்ஸும் அதே காலத்தில் இதே வேலையாக இருந்தார். அதனால் 'யார் முதலில்?' என்ற சண்டைக்கு இன்றும் ஒற்றை வரியில் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால், இதைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் பிரியர்லிதான்.

★

நின்றாரே தவிர, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பெனியின் நிர்வாகிகளுக்கு ஆர்வம் இல்லை. ஒருவழியாக உள்ளூர்க் கத்தித் தொழிலதிபர்கள் இருவருக்கு மாதிரி அனுப்பிவைத்தார்கள். கொஞ்ச நாளில் பதில் வந்தது. சரிப்படாது. அடிக்க வரவில்லை, சாணை பிடிக்க வரவில்லை, பதம் ஏறவில்லை. முக்கியமாக, செய்த கத்தி வெட்டவில்லை!

துருப்பிடிக்காத, ஆனால் வெட்டாத கத்தி. ஊருக்கே சிரிப்பு. கத்தித் தொழிலில் பரம்பரை பரம்பரையாக ஊறியவர்களுக்கு, ஆய்வுக்கூடத்து ஆள் ஒருவர் வந்து பாடம் எடுப்பதே பிடிக்கவில்லை. 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்ற பட்டம் பிரியர்லிக்கு இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

தப்பு உருக்கில் இல்லை என்று பிரியர்லிக்குத் தெரியும். ஆனால், அவரால் தனியாக நிரூபிக்க முடியாது. அவர் கத்தி செய்கிறவர் இல்லையே! கத்தி செய்யத் தெரிந்தவர்களுக்கோ இந்த உருக்கைத் தெரியாது.

1914-ன் மத்தியில் வந்து சேர்ந்தார் எர்னெஸ்ட் ஸ்டூவர்ட். போர்ட்லாண்ட் ஒர்க்ஸ் என்ற தொழிற்கூடத்தில் இயங்கிய மோஸ்லி கத்திக் கம்பெனியின் மேலாளர். துருப்பிடிக்காத உருக்கா, அது எப்படி இருக்க முடியும் என்று அவருக்கும் சந்தேகம்தான். ஆனால், மற்றவர்கள் மாதிரி கதவைச் சாத்தவில்லை. ஒரு துண்டை வாங்கிக்கொண்டு போய், வினிகரில் போட்டுப் பார்த்தார். கறையே இல்லை! பிரியர்லி அதுவரை இதைத் 'துருப்பிடிக்காத உருக்கு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். 'கறைபடியாத' என்று பொருள்படும் ஸ்டெயின்லெஸ் என்ற பெயரைச் சூட்டியவர் ஸ்டூவர்ட். வியாபாரிக்குத் தெரியும், எந்தப் பெயர் விற்கும் என்று.

பெயர் வைத்தாயிற்று. கத்தி?

முதல் முயற்சியில் கத்தியை வெட்டி எடுக்கும் அச்சுகள் மழுங்கிப்போயின. இரண்டாவது முயற்சியில் கத்தி கடினமாகத்தான் வந்தது. ஆனால், பிஸ்கட் மாதிரி உடைந்தது. மூன்றாவது முறை, பிரியர்லியும் பட்டறைக்கே வந்து பக்கத்தில் நின்றார். கத்தியைப் பற்றித் தெரிந்தவரும், உருக்கைப் பற்றித் தெரிந்தவரும் ஒரே உலைக்கு முன்னால்.

கத்தி வந்தது. வெட்டியது. கறைபடவில்லை.

★

அப்படி என்னதான் சூட்சுமம்? மறுபடியும் அந்தச் சூட்டு விவகாரத்துக்கு வருவோம்.

சாதாரணக் கத்தியை நன்றாகக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று முக்கி எடுத்தால் கடினமாகிவிடும். நம் ஊர்க் கொல்லர்கள் 'தோய்ச்சல்' என்பார்கள். இதற்குச் செர்ரிச் சிவப்பு போதும். எண்ணூறு டிகிரிக்குப் பக்கத்தில். ஷெஃபீல்ட் பட்டறைக்காரர்கள் காலங்காலமாகப் பழகிய சூடு அதுதான். புது உருக்கையும் அதே சூட்டில் எடுத்து முக்கினார்கள்.

ஆனால் இந்த உருக்குக்கு அது பத்தாது. இதற்குள் குரோமியமும் கார்பனும் கைகோத்துக்கொண்டு, பொடிப் பொடி மணிகளாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். சுமார் ஆயிரம் டிகிரிக்குக் கொண்டுபோனால்தான் அந்தக் கூட்டணி உடைந்து, இரண்டும் உருக்கு முழுக்கக் கரையும். கரைந்த கார்பன்தான் கத்திக்குக் கூர்மையைத் தாங்கும் உறுதியைக் கொடுக்கிறது. கரைந்த குரோமியம்தான் கறையை விரட்டுகிறது.

ஆக, சூடு குறைந்தால் இரண்டு நஷ்டம். கத்தி வெட்டாது. முகத்தில் புள்ளி புள்ளியாகக் கறையும் விழும். குரோமியமெல்லாம் உள்ளே மணிகளுக்குள் சிறைப்பட்டுக் கிடந்தால் வெளியே காவலுக்கு யார் இருப்பார்கள்? சரி, பயந்துகொண்டு சூட்டை எக்கச்சக்கமாக ஏற்றினால்? உருக்கின் துகள்கள் பெருத்துப்போகும். கத்தி உடையும்.

இன்னொரு விசித்திரம். சாதாரண உருக்கைத் தண்ணீரில் முக்கினால்தான் இறுகும். இந்த மகராசன் வெறும் காற்றில் ஆறினாலே இறுகிவிடுவான். அடித்து முடித்து ஓரமாக வைத்தாலே கல்லாகிவிடும். அதன்மேல் அச்சை இறக்கினால் அச்சுதான் காலி.

கடைசியாக, வெளிப்பூச்சு விவகாரம். உலையிலிருந்து வரும் கத்தியின்மேல் கறுப்பாக ஒரு செதில் படியும். அதன் அடியில் உள்ள மெல்லிய அடுக்கில் குரோமியம் குறைந்துபோயிருக்கும். அதைச் சாணையில் முழுசாக எடுத்துவிட வேண்டும். ஆழமான கீறல் மிச்சம் இருந்தால் அங்கே ஈரமும் உப்பும் தங்கி, துரு குடியேறும். நன்றாக மெருகேறிய முகத்தில் கறை ஒட்டாது. அந்தக் காகிதம் கட்டிய பெண்களின் வேலை வெறும் அழகு வேலை இல்லை!

இத்தனையும் சரியாக அமைந்தால், காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு குரோமியம் சேர்ந்து கத்தியின்மேல் ஒரு படலம் போர்த்திக்கொள்ளும். எவ்வளவு தடிமன்? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாகப் போட்டால், அதில் சில கூறுகள். கண்ணுக்குத் தெரியாது. கீறினால் காற்றுப் பட்டதும் தானாகவே மறுபடி போர்த்திக்கொள்ளும். தேய்க்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம்.

முகத்தில் விழுந்த கறைக்குக் காரணம் முகத்தில் இல்லை, வயிற்றுக்குள் இருந்தது. கத்திக்காரர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

★

பிரியர்லி கொஞ்சம் கத்திகள் செய்து நண்பர்களுக்குக் கொடுத்தார். ஒரே நிபந்தனை. எந்த உணவாவது பட்டுக் கறைபட்டால் கத்தியைத் திருப்பித் தர வேண்டும். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை!

இனி ஜெயம்தான் என்று நினைக்கும்போது இரண்டு இடிகள்.

ஒன்று, உலகப் போர். 1914 ஆகஸ்டில் இங்கிலாந்து போரில் குதித்தது. சூட்டிலும் கெடாத இந்த உருக்கு, விமான என்ஜின் வால்வுகளுக்குத் தோதாக அமைந்தது. கத்தி, கரண்டியெல்லாம் போர் முடியட்டும் என்று ஒதுக்கி வைத்தார்கள்.

இன்னொன்று, சொந்தக் கம்பெனி. அதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத ஃபிர்த் நிர்வாகம், கத்தி வெட்டுகிறது என்று தெரிந்ததும் விழித்துக்கொண்டது. இது எங்கள் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, எங்கள் சரக்கு என்றது. பிரியர்லிக்குப் பொறுக்கவில்லை. பணம்கூட இரண்டாம்பட்சம், வேலைக்கு உரிய மரியாதை வேண்டும் என்பது அவர் கட்சி. அப்பா வியர்வை சிந்திய, தான் பாட்டில் கழுவிய அந்த கம்பெனியை விட்டு 1915-ல் வெளியேறி, பிரவுன் பேலி என்ற வேறு உருக்காலைக்குப் போனார்.

பிரிட்டனில் பேடன்ட் எடுக்கவில்லை. அமெரிக்காவில் விடாமல் முயன்று, 1916 செப்டம்பரில் பேடன்ட் வாங்கினார். அதன் பிறகு ஃபிர்த் கம்பெனியே இறங்கி வந்தது. 1917-ல் ஃபிர்த் - பிரியர்லி என்று இரண்டு பெயர்களையும் சேர்த்து ஒரு கூட்டு நிறுவனம் பிறந்தது. 1920-ல் பிரிட்டனின் இரும்பு உருக்குக் கழகம் அவருக்குத் தன் உயரிய பெஸ்ஸமர் தங்கப் பதக்கத்தைக் கொடுத்தது. பாட்டில் கழுவிய பையனுக்கு!

போர் முடிந்து கத்திகள் கடைக்கு வந்தபோதும் பழைய பல்லவி ஓயவில்லை. ஸ்டெயின்லெஸ் கத்தி வெட்டாது என்ற முணுமுணுப்பு பல வருடங்கள் நீடித்தது. காரணம், பல பட்டறைகளில் இன்னும் பழைய சூட்டிலேயே பதம் வைத்துக்கொண்டிருந்ததுதான். ஒவ்வொரு பட்டறையாகச் சூடு சரியான பிறகுதான் கத்தியின் பெயரும் சரியானது.

பிரியர்லி விட்டுச் சென்ற ஆய்வுக்கூடத்தில் அடுத்துத் தலைமை ஏற்றவர் ஹாட்ஃபீல்ட். கந்தக அமிலக்காரர் இல்லை, இவர் டபிள்யூ.எச். ஹாட்ஃபீல்ட், வேறு ஆள். 1924-ல் பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல் கலந்து அவர் உருவாக்கிய 18/8 உருக்கு, கத்திக்கு ஆகாது. தோய்ச்சல் ஏறாது. ஆனால், தகடாக அடித்துப் பாத்திரம் செய்ய இதைப்போல ஒன்று கிடையாது. நம் வீடுகளில் பித்தளையையும், அதற்குப் புளி போட்டுத் தேய்க்கும் வேலையையும், தெருவில் வரும் ஈயம் பூசுகிறவரையும் ஓரங்கட்டிய எவர்சில்வர் இந்த வம்சம்தான். 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியை ஆரம்பித்த சேலம் உருக்காலை உருட்டித் தந்ததும் இந்தக் குடும்பத்துத் தகடுகளை.

சந்தேகம் இருந்தால் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போங்கள். நல்ல எவர்சில்வர் சொம்பில் அது பெரும்பாலும் ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் கத்தியில் பச்சக்கென்று ஒட்டும். சொம்பு, ஹாட்ஃபீல்டின் வாரிசு. கத்தி, பிரியர்லியின் வாரிசு.

அப்படியே அந்தக் கத்தியின் முகத்தையும் கொஞ்சம் உற்றுப்பாருங்கள். உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டிருந்தால், பழுப்பாக ஒன்றிரண்டு புள்ளிகள் இருக்கலாம். உப்புக்கு அந்தக் கண்ணுக்குத் தெரியாத படலத்தை ஓட்டைபோடும் சாமர்த்தியம் உண்டு. உடனே கழுவித் துடைத்து வைத்தால் போதும், படலம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். கழுவித் துடைத்தும் மறுபடி மறுபடி அதே இடத்தில் புள்ளி வருகிறதா? எங்கோ ஒரு பட்டறையில் யாரோ சூட்டில் அவசரப்பட்டிருக்கலாம், அல்லது சாணையில் சிக்கனம் பிடித்திருக்கலாம்.

பிரியர்லி 1948-ல் இறந்தார். அதற்கு ஏழு வருடங்களுக்கு முன்னால், தன் பணத்தைப் போட்டு ஷெஃபீல்டில் ஓர் அறக்கட்டளை ஆரம்பித்திருந்தார். தன்னைப் போலவே ஒன்றுமில்லாத வீடுகளில் பிறந்து, ஒரு கைதூக்கலுக்காகக் காத்திருப்பவர்களுக்கு உதவுவதற்காக. ஃபிரெஷ்கேட் என்ற அந்த அறக்கட்டளை அவருக்குப் பிறகும் தொடர்ந்தது.

2013-ல் ஸ்டெயின்லெஸ் உருக்குக்கு நூறு வயது. அந்த வருடம் ஷெஃபீல்டில் ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுவதும் பிரியர்லியின் முகத்தை வரைந்தார்கள். ஸ்டூவர்ட் கத்தி செய்த போர்ட்லாண்ட் ஒர்க்ஸை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றப் போகிறார்கள் என்று அதற்கு முன்பே பேச்சு வந்திருந்தது. ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கானோர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பங்கு வாங்கி, அதே 2013-ல் அந்தக் கட்டடத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 'வெட்டாத கத்தி' என்று சிரித்தவர்களின் பேரன் பேத்திகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்!